அமலோற்பவத்தின் கத்தி உறை

மேசையில் விரித்திருந்த பழுப்புக் காகிதத்தில் ஒரு வலது பாதத்தின் வரைகோடு இருந்தது. அதன் குதிகால் பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. நான் பென்சிலை நகர்த்திவிட்டு நிமிர்வதற்குள் இன்னொரு சொட்டு.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அமலோற்பவமும் அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கண் என் கைக்குத்தான் போனது. கத்தரியும் குத்தூசியும் இறைந்து கிடக்கிற மேசை அது.

"அக்கா, கையக் கிழிச்சிட்டியளா? ரெத்தம் வருது பாருங்க."

என் கையில் ஒன்றும் இல்லை. அவளுடைய இடது கையில் சுற்றியிருந்த துணி நனைந்து, அதன் ஓரத்திலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. நான் விரலை நீட்டிக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "ஓ, எனக்கதா" என்றாள். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவள் சொல்லுகிற மாதிரி, அவ்வளவுதான்.

துணியை அவிழ்த்தேன். சுட்டுவிரலின் அடியில் ஆழமான வெட்டு. மீன் செதில் இரண்டு உள்ளே ஒட்டியிருந்தது. காலையில் புதுக்கடைச் சந்தையில் மீன் வெட்டும்போது பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் மிச்ச மீனை விற்று, அலுமினியச் சருவத்தைக் கழுவிக் கவிழ்த்து, ஒரு சாயா குடித்து, இரண்டு பஸ் மாறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். வழியெல்லாம் ரத்தம் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை.

வலி தெரியாத கை

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தொழுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் செருப்பு தைக்கிற அறையில் வேலை பார்த்தவள் நான். உணர்ச்சி போன காலுக்குக் கடைச் செருப்பு ஆகாது. ஒரு கல் உள்ளே புகுந்தால்கூட அந்தக் காலுக்குத் தெரியாது. நடந்து நடந்து புண்ணாகும். புண் எலும்பு வரை போகும். அதனால் ஒவ்வொரு பாதத்தையும் காகிதத்தில் வரைந்து, மேடு பள்ளம் பார்த்து, அதற்கென்றே செருப்பு செய்ய வேண்டும்.

அமலோற்பவத்துக்கு அந்த நோய் வந்து போய் வெகுகாலமாகிறது. மாத்திரை சாப்பிட்டு முழுக்கக் குணமானவள். அவளிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. ஆனால் அவள் எங்களிடம் வந்து சேர்ந்தபோதே நரம்புகள் கெட்டுப்போயிருந்தன. கல்யாணமான புதிதில் வந்த நோயை, பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டாள். இடது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கிவிட்டன. அந்தக் கை முழுக்க உணர்ச்சி இல்லை. வலது கையில் பாதி இருக்கிறது. பாதங்களில் கொஞ்சமும் இல்லை.

கடற்கரைக்காரி. அவள் வீட்டுக்காரர் ஜெரோம் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். அவளுக்குச் சந்தையில் ஒரு இடம் உண்டு. அவளிடம் மீன் வாங்குகிற யாருக்கும் அவளுடைய பழைய நோய் பற்றித் தெரியாது. கையில் எதற்குத் துணி என்று கேட்டால், "முள்ளு குத்தாம இருக்க" என்பாள்.

அந்தத் துணியைப் பற்றி எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கல்யாணப் பேச்சில் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி உத்தியோகம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் வாரமே என் சேலையில் தோல் வாசம் அடித்தது. மாமியார் கேட்டாள், நானும் சொன்னேன். அன்று சாயங்காலத்திலிருந்து எனக்கு ஒரு தனி டம்ளர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரே சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற குடும்பம்தான். டம்ளர் மட்டும் தனி.

ஜெரோம் செய்த கத்தி

காயத்துக்குத் தையல் போட்டுவிட்டு டாக்டரம்மா அவளை என் அறைக்கே கூட்டிக்கொண்டு வந்தார். இளவயது. நல்ல பொறுமைசாலி. அன்றைக்குப் பொறுமை தீர்ந்திருந்தது.

"அமலோற்பவம், இது இந்த வருஷத்துல எத்தனாவது தடவை? இன்னொரு தடவை சீழ் எலும்புக்குப் போனா விரலை எடுத்துத்தான் ஆகணும். கத்தியை விட்டுடுங்க."

"கத்திய விட்டா மீன் வியாபாரத்த விடணும் டாக்டரே. இப்ப எல்லாரும் வெட்டி, களுவி, துண்டு போட்டுத் தாண்ணுதானே கேக்காவ."

"அப்ப வியாபாரத்தை விடுங்க."

அமலோற்பவம் கட்டுப் போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா திரும்பிப் போய்விட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அடுத்த தடவை புண்ணுக்கு மருந்து வைக்க வந்தபோது ஜெரோமும் கூட வந்தார். அதிகம் பேசாத மனுஷர். ஒரு பழைய கைலித் துணியில் சுற்றி வைத்திருந்ததை என் மேசையில் வைத்துப் பிரித்தார். ஒரு கத்தி.

லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, தானே தேய்த்து எடுத்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கைப்பிடி அயினி மரம், கடைக் கத்திகளைவிட இரண்டு மடங்கு பருமன். அதில் அவளுடைய வலது கை விரல்கள் உட்காருகிற இடத்தில் குழி குழியாகச் செதுக்கியிருந்தார். பிடித்தால் வழுகிப் போகாது.

"கத்தி கொள்ளாம் சிஸ்டர், ஒரு கொறையும் இல்ல. வெட்டும்போ அவளுக்குக் காயம் படல்ல. வெட்டிட்டு எங்கயாவது போடுகாளே, அங்கயாக்கும் படுது. சருவத்துக்குள்ள மீனுக்க அடியில கெடக்கும். இவ கைய விட்டுத் துளாவுவா. கொண்டது தெரியாது."

"துணியில பொதிஞ்சு வச்சா?"

"துணிய வெட்டிட்டு வெளிய வருது." கத்தியை என் பக்கம் நகர்த்தினார். "இதுக்கு ஒரு உறை செஞ்சு தருவியளா?"

எனக்குச் சலிப்பாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஓய்வு பெற அதிக காலம் இல்லை. முகக்கவசம் போட்டுத் திரிந்த வருஷங்களில் தேங்கிப்போன செருப்புகள் இன்னும் அலமாரியில் வரிசையாக நின்றன. வலது கைப் பெருவிரலின் அடி மூட்டில் ஓயாத வலி. மெழுகு நூலை இழுத்து இழுத்து வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோற்றுப் பானையை இறக்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு வலி தாங்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அதில் ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை.

"வச்சிட்டுப் போங்க, பாக்குதேன்" என்றேன்.

உப்புத் தண்ணீர்

முதல் உறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து செய்தேன். செருப்பின் அடிக்குப் போடுகிற கெட்டித் தோல் இரண்டு துண்டு. வாய்த்தலை என்கிற கத்தியின் கூரான விளிம்பு உரசி நூல் அறுந்துவிடக் கூடாதென்று இரண்டுக்கும் நடுவில், ஓரத்தோடு ஓரமாக ஒரு தோல் வார். மூன்றையும் சேர்த்து இரட்டைத் தையல். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து அதில் போட்டுவைத்தேன். மீன் சந்தையில் எதுவும் காய்ந்து கிடக்காது. இரண்டு நாள் கழித்து எடுத்தபோது தோல் ஊதி, வாய் இறுகி, கத்தி உள்ளே போக மறுத்தது. பலமாகத் தள்ளினால் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு வந்தது. குப்பென்று ஒரு நாற்றம் வேறு. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. கையில் மீன் கொழுப்பு இருந்தால் அந்த ஈரத்தோல் விலாங்கு மீன் மாதிரி வழுகுகிறது. உணர்ச்சி உள்ள என் கையிலேயே நிற்கவில்லை.

அதைக் குப்பையில் போட்டுவிட்டு, முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அமலோற்பவம் மருந்து கட்ட வந்த அன்று சொல்லவும் செய்தேன். அவள் அந்தக் கெட்டுப்போன உறையைப் பற்றி விவரமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வழுக்காத தோலுண்ணா திருக்கத் தோலுதான்க்கா" என்றாள்.

"திருக்கையா?"

"அதுக்க முதுகு மணி மணியா இருக்கும். தண்ணியில கெடக்கப் பெறந்ததுதானே, தண்ணி ஒண்ணும் செய்யாது. நாங்க அத உரிச்சுத் தூரத்தான் போடுவோம். வேணும்ணா கொண்டு வாறேன்."

எனக்கு என் அப்பாவின் பட்டறை நினைவுக்கு வந்தது. அவர் கட்டில், பீரோ செய்கிற ஆசாரி. உப்புத்தாள் வாங்கக் கையில் காசு இல்லாதபோது காய்ந்த திருக்கைத் தோலால் மரத்தைத் தேய்ப்பார். அதை ஆணியில் மாட்டிவைத்திருப்பார். சின்ன வயதில் ஓடிவந்து அதில் தோளை உரசிக்கொண்டு, மேல் தோல் பெயர்ந்து, ஒரு வாரம் எரிந்தது. மரத்தையே அராவுகிற பொருளை, காயம் பட்டால் தெரியாத ஒருத்தியின் கையில் எப்படிக் கொடுப்பது?

அதையும் அவளிடம் சொன்னேன்.

"அத நிங்க தேச்சு எடுத்துருங்க" என்றாள். அவ்வளவு லேசாக.

கன்னத்தில் வைத்துப் பார்த்தது

சாரல் விட்டிருந்த ஒரு நாள், உப்பு தடவிச் சுருட்டிய தோலை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து தந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் திட்டினாராம்.

உள்பக்கத்துச் சதையைச் சுரண்டி, பலகையில் இழுத்து ஆணி அடித்து நிழலில் காயவைத்தேன். காய்ந்தபோது கொம்பு மாதிரி ஆகிவிட்டது. மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன மணிகள். நடு முதுகில் மட்டும் மிளகு அளவில் பெரியவை. எங்கள் தோல் கத்தி அதில் இறங்கவே இல்லை. தகரம் வெட்டுகிற கத்தரியால் வெட்டினேன்.

இந்தத் தடவை உள்ளே தோல் வைக்கவில்லை. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் ஒன்றை நீளவாக்கில் கீறி, கொதிக்கிற வெந்நீரில் இளக்கி, கத்தி நுழைகிற அளவுக்குத் தட்டையாக்கினேன். அதன் மேல் உருக்கிய தேன்மெழுகு குடித்த கெட்டித் தோல். வாய்த்தலைப் பக்கம் மறுபடியும் நடு வார். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் கை பிடிக்கிற பாகத்தைச் சுற்றி, ஊறவைத்து இளக்கிய திருக்கைத் தோல்.

அதைத் தைப்பதற்குள் நான்கைந்து ஊசி முறிந்தது. மணியில் பட்டால் ஊசி போகாது. கடைசியில் ஜெரோமிடம் சின்ன டிரில் ஒன்றை வாங்கி, மணிக்கும் மணிக்கும் இடையில் துளை போட்டுத் தைத்தேன். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் பெருவிரலை வெந்நீரில் முக்கிக்கொள்வேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "யாருக்கு இந்த நேர்ச்சை?" என்று கேட்டார்.

உறையின் வாயைப் புனல் மாதிரி அகலமாக விட்டேன். கத்தி உள்ளே போனதா இல்லையா என்று அவளுடைய கை சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். அதனால் வாயைச் சுற்றி வெள்ளை நூலில் தடிப்பாக ஒரு தையல் போட்டேன்.

பிறகு தேய்ப்பு. மயிலாடியில் சிலை செய்கிறவர்கள் கடைசி மெருகுக்கு வைத்திருக்கிற கல் ஒன்றை வாங்கிவந்தேன். தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, மணிகளின் தலை தேய்ந்து, கறுப்புக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தெரிய ஆரம்பித்தன. மழை பெய்து நின்ற பிறகு முற்றத்து மண்ணில் துளி விழுந்த தடம் இருக்குமே, அந்த மாதிரி.

எவ்வளவு தேய்க்க வேண்டும்? அவளைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல முடியாது. அதனால் நானே கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். கன்னம் சிவந்தால் இன்னும் தேய்ப்பேன். பிறகு கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டு பிடித்துப் பார்ப்பேன். வழுகினால் தேய்ப்பு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. சாயங்காலங்களில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கத்தி உறையைக் கன்னத்தில் உரசிக்கொண்டிருக்கிற கிழவியைப் பார்த்து எனக்கே சிரிப்பு வராமல் போனது, அத்தனை களைப்பு.

ஒரு நாள் கன்னம் சிவக்கவில்லை. சோப்புக் கையிலும் நின்றது. அதோடு நிறுத்தினேன்.

புட்டு மாவு

அமலோற்பவம் உறையை இடது கையில் பிடித்தாள். கத்தியை உருவினாள். திரும்பப் போட்டாள். கண்ணால் வெள்ளைத் தையலைப் பார்த்து, பைய. பத்துத் தடவையாவது செய்திருப்பாள். உறை அவள் கையை விட்டு அசையவில்லை.

"தொட்டா எப்பிடிக்கா இருக்கும்?" என்று கேட்டாள்.

என்ன சொல்வதென்று யோசித்தேன். "புட்டுக்கு இடிச்ச மாவ ரெண்டு விரலுக்கு நடுவில வச்சுத் தேச்சா இருக்குமே, அந்த மாதிரி."

அவள் தலையை ஆட்டினாள். "அது எனக்கு ஓர்ம உண்டு, மறக்கல்ல."

அந்த உறை சந்தையில் பேசப்பட்டது. மீன் வாங்க வந்தவர்கள், "இது என்ன சாதனம், எங்க வாங்கினிய?" என்று கேட்டார்களாம். அமலோற்பவம் யாரிடமும் எங்கே செய்தது என்று சொல்லவில்லை. தொட்டுப் பார்க்கச் சொல்லுவாள். தொட்டவர்களிடம், எப்படி இருக்கிறது என்று கேட்பாள். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அதை வந்து சொல்லுவாள். ஒருத்தி மணல் மாதிரி என்றாள், ஒரு வாத்தியார் பூனை நாக்கு மாதிரி என்றார், ஒரு குழந்தை தொட்டுவிட்டு, கூசுகிறது என்று கையை இழுத்துக்கொண்டது. தன் கையில் இருக்கிற பொருளை மற்றவர்கள் விரல் வழியாக அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

கையில் புதுக் காயம் வரவில்லை. பழைய புண் ஆறியது. டாக்டரம்மா அவளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கத்தியை விடச் சொன்ன பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

பிந்து

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், என் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. இருபத்தைந்து வயது இருக்கும். பெயர் பிந்து. "செருப்பு தைக்கிற ஹெப்சியக்கா யாரு?" என்று கேட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அமலோற்பவம் அனுப்பியதாகச் சொன்னாள்.

அவள் சொன்னதையும், அமலோற்பவம் பிறகு சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கடைக்கு லீவு நாள். பிந்து சந்தைக்குச் சாமான் வாங்க வந்திருந்தாள். சாளை மீன் வாங்கினாள். எல்லாரும் பேசுகிற அந்த உறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டு கையிலும் பை. இடது கையில் காய்கறிப் பை மூன்று விரல்களில் தொங்கியது. மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான் சும்மா இருந்தன. அந்த இரண்டையும் நீட்டி உறையைத் தடவினாள்.

"எப்பிடி இருக்கு மக்களே?" என்று அமலோற்பவம் வழக்கம்போலக் கேட்டாள்.

"கொள்ளாமே. கண்ணாடி மாதிரி மழமழண்ணு இருக்கு."

சாளையைக் கூறு கட்டிக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் கை நின்றது. அத்தனை மாதங்களில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"ஒருக்கா கூட தொடு."

"மழமழண்ணுதான் இருக்கு."

"செரி, கண்ண மூடிக்க. நான் உனக்க விரல்ல இத வச்சுத் தொடுவேன். எப்ப தொடுதேண்ணு சொல்லணும்."

பிந்து விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அமலோற்பவம் உறையை அவளுடைய சுண்டுவிரலில் வைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிந்து கண்ணை மூடிச் சிரித்தபடி நின்றாள்.

"தொடுங்க அக்கா" என்றாள். "இனியும் தொடல்லியா?"

அந்த விரலின் ஓரத்தில் சுட்ட தழும்பு ஒன்று இருந்தது. அது எப்போது சுட்டது என்று கேட்டதற்கு, பிந்துவுக்குத் தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே தேமல் போல வெளிறிய ஒரு படை. அது கொஞ்ச காலமாக இருக்கிறது என்றாள்.

அமலோற்பவம் குரலைத் தாழ்த்தி, எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். நாளைக்கே போகச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் அந்த ஆஸ்பத்திரி எதற்கு உள்ளது என்று தெரியாதவர்கள் இல்லை. பிந்துவுக்கு முகம் மாறிவிட்டது. "என்ன பேச்சு பேசுதிய? எனக்குப் பெருநோயா? ஒரு மீன் வாங்க வந்தவளப் பாத்துச் சொல்லுத காரியமா இது?" அவள் குரல் உயர்ந்தது. மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பக்கத்து இடத்தில் மீன் விற்கிற பிலோமியும் எழுந்து பார்த்தாள்.

"நிங்க டாக்டரா? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அமலோற்பவம் என்னிடம் சொன்னாள்: "அப்ப ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம்க்கா. அவ போயிருப்பா. எனக்க சோலியும் யாருக்கும் தெரியாம நடந்திருக்கும். ஆனா ஆஸ்பத்திரிக்கு அவ போயிருக்க மாட்டா. நானும் அந்தக் காலத்துல போவல்லியே."

அவள் இடது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். அந்தக் கையை மீன் பலகையின் மேல், எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

"இப்பிடியாக்கும் தெரியும்" என்றாள்.

சந்தை

பிந்துவுக்கு அதே நோய்தான். ஆரம்பம். நரம்பு தடித்திருந்தது, ஆனால் விரல் மடங்கவில்லை. நோய்க்கு மாத்திரை, நரம்பு வீக்கத்துக்குத் தனி மருந்து. டாக்டரம்மா அவளைப் பரிசோதித்துவிட்டு, எல்லாரும் இந்த நிலைமையில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று என்னிடம் சொன்னார்.

அமலோற்பவத்துக்கு அன்று விற்காத மீன் விற்காமலே கிடந்தது. வாங்கி வைத்திருந்த ஒருவர் பையைத் திரும்பக் கொண்டுவந்து பலகையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பிலோமி தன் சருவத்தை இரண்டு முழம் தள்ளிப் போட்டிருந்தாள்.

"எனக்கு நேரத்தே தெரியும் கேட்டியா" என்றாளாம் பிலோமி. "எத்தன வருசமா ஒனக்கு அடுத்து இருக்கேன், தெரியாமலா இருக்கும்? நான் யாரிட்டயும் சொல்லல்லியே. நீ ஏன் சொன்ன? ஒன்னால இப்ப எனக்கும் மீன் போவல்ல."

அமலோற்பவத்தால் அவளைத் திட்டவும் முடியவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை.

ஜெரோமுக்கு இதெல்லாம் மற்றவர்கள் வாயிலிருந்துதான் போயிற்று. மறுநாள் வேலைக்குப் போகாமல், சருவத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டு சந்தைக்கு வந்து, பலகைக்குப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்தார். யாரும் வாங்க வராத காலையில் இரண்டு பேரும் ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படிச் சில வாரங்கள். பிறகு சந்தைக்குப் போவதை அவளே நிறுத்தினாள்.

அவள் நிறுத்துவதற்கு முன்னாலேயே நான் டாக்டரம்மாவிடம் சொல்லி, நோய் குணமாகிவிட்டது, ஒட்டாது என்று சந்தைக்காரர்களிடம் வந்து பேச ஏற்பாடு செய்தேன். வந்தார், பேசினார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சிலர் சந்தேகங்கள்கூடக் கேட்டார்கள். அடுத்த நாளும் மீன் விற்கவில்லை. எனக்கு அந்த வாரம் முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. செருப்பு வார்களை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

திருவட்டாறு ரோடு

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஜெரோம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் பெட்டி வைத்து, காலையில் அவளையும் மீனையும் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் கொண்டுவிடுகிறார். திருவட்டாறு போகிற ரோட்டில், ரப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் பலகை போட்டு உட்காருகிறாள். சந்தையில் விற்றதில் பாதிகூட இல்லை. பிந்து வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து மீன் வாங்குகிறாள். மாத்திரை முடித்துவிட்டாள். மோதிரவிரலில் உணர்ச்சி திரும்பியது. சுண்டுவிரலில் பாதிதான் வந்தது. துணிக்கடையில் சேலை மடிக்க அது போதும் என்கிறாள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில் நான் அங்கே இறங்கினேன். அமலோற்பவம் எனக்கு உட்கார ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். முடி நரைத்துவிட்டது. வெயிலில் கறுத்திருந்தாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்து, "வயசாயிட்டு நமக்கு" என்றாள்.

அவள் மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "வருத்தம் உண்டா அமலம்?"

"இல்லண்ணு பொய் சொல்ல முடியுமா? சந்தையில எனக்க எடம் நல்ல எடம். வாசல்ல ஏறினதும் மொதல்ல காணுத எடம்." ஒரு மீனைப் புரட்டிப் போட்டாள். "ஆனா ஒரு காரியம் சொல்லுதேன் கேளுங்க. அப்ப எல்லாம் வீட்டுல வந்து விழுந்தா எனக்கு எழும்ப முடியாது. மீன் வித்த களைப்புண்ணு நெனச்சிட்டிருந்தேன். பின்னல்லா தெரியுது. மீன் வித்தது ஒரு பங்கு. யாரு வாறா, யாரு பாக்கா, கை வெளிய தெரியுதாண்ணு நோக்கி நோக்கி இருந்ததாக்கும் மூணு பங்கு." பலகையைத் துணியால் துடைத்தாள். "இப்ப மீன் வித்த களைப்பு மட்டுந்தான்க்கா. அது ஒறங்கி எழும்பினா போயிரும்."

ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் பார்த்திராத ஆள்; ஹெல்மெட்டைக் கழற்றாமலே, நெய்மீன் உண்டா என்று கேட்டார். அமலோற்பவம் இடது கையால் மீனின் வாலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பார்க்கிறார் என்று அவளுக்கும் தெரிந்தது. அவள் கையை இறக்கவில்லை.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ரெண்டு கிலோ வரும் இல்லியா?" என்றார். "துண்டு போட்டுத் தாங்க."